பாட்டை அலகிட எந்த வழி? காரிகை, எழுத்தெண்ணல், சந்தக் குழிப்பு, மென்பொருள்: ஓர் ஒப்பீடு

ஒரு மரபுப் பாட்டின் யாப்பை அறிய இன்று நான்கு வழிகள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. பாட்டை அசைகளாக (ஓசைத் துணுக்குகளாக) பிரித்து, அசைகள் சேர்ந்த சீரைக் கண்டு, சீரும் சீரும் பொருந்தும் தளையைப் பார்க்கும் காரிகை வழி ஒன்று; இப்படிப் பிரித்துப் பார்ப்பதே அலகிடுதல். ஒற்றெழுத்துகளை நீக்கி அடிக்கு எத்தனை எழுத்து என்று எண்ணுவது இரண்டாவது. ‘தன தான தந்த’ என்று குழிப்பு (ஓசை வடிவம்) எழுதிப் பார்ப்பது மூன்றாவது. பாட்டை ஒரு மென்பொருளில் ஒட்டி விடையை வாங்கிக்கொள்வது நான்காவது. சங்கப் பாட்டு என்றால் தொல்காப்பியத்தின் அசைக் கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

பாட்டின் வகை தெரியாமல் வழியைத் தேர்ந்தால் பாதி உழைப்பு வீணாகும். வெண்பாவுக்குத் தளையே உயிர். ஆசிரிய விருத்தத்தில் தளையை எழுதிக்கொண்டு போனால் பக்கம் நிரம்புமே தவிர ஒன்றும் விளங்காது. அங்கே பார்க்க வேண்டியது சீர் வாய்பாடு, அதாவது சீர்களின் பெயர் வரிசை (நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம்; மூன்றாம் அசை நேரானால் காய், நிரையானால் கனி; நேர், நிரை எவை என்பது காரிகைப் பகுதியில் வரும்). திருப்புகழ் போன்ற வண்ணப் பாட்டில் வாய்பாடும் போதாது. ஆனால் எந்த வழியில் போனாலும் அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன.

சீர் பிரிப்பு முதலில்

இன்று இணையத்திலும் எளிய பதிப்புகளிலும் கிடைக்கும் பாடல்கள் பெரும்பாலும் சந்தி பிரித்தவை. படிக்க எளிது, அலகிட ஆகாது. கம்பராமாயணக் கடவுள் வாழ்த்தைப் பாருங்கள். சொல் பிரித்தால் இப்படி இருக்கும்:

உலகம் யாவையும் தாம் உள ஆக்கலும்
நிலைபெறுத்தலும் நீக்கலும் நீங்கலா
அலகு இலா விளையாட்டு உடையார் அவர்
தலைவர் அன்னவர்க்கே சரண் நாங்களே

அடிக்கு முறையே ஐந்து, மூன்று, ஐந்து, நான்கு சொற்கள். இதை அப்படியே அலகிட்டால் இரண்டாம் அடியின் முதற்சொல் நிலை-பெறுத்-தலும் என்று கருவிளங்கனி ஆகிறது. நான்காம் அடியில் ‘சரண்’ ஓரசையாக நிற்கிறது. எந்தப் பாவினத்திலும் இதை அடக்க முடியாது. இனி சீர் பிரித்த வடிவம்:

உலகம் யாவையும் தாமுள வாக்கலும்
நிலைபெ றுத்தலும் நீக்கலும் நீங்கலா
அலகி லாவிளை யாட்டுடை யாரவர்
தலைவர் அன்னவர்க் கேசரண் நாங்களே

உல-கம், யா-வையும், தா-முள, வாக்-கலும். நான்கு அடியிலும் புளிமா, கூவிளம், கூவிளம், கூவிளம். ஓர் இடத்திலும் பிசகில்லை. நாற்சீர் அடி நான்கு, ஓரெதுகை: கலிவிருத்தம்.

எனவே சந்தி பிரித்த பாட்டுதான் கையில் இருக்கிறது என்றால் முதலில் சந்தியைச் சேர்த்து எழுதுங்கள். குற்றியலுகரத்தின் முன் உயிர் வந்தால் உகரம் கெடும் (அலகு + இலா = அலகிலா). மெய்யின் முன் உயிர் வந்தால் ஏறும் (தாம் + உள = தாமுள). உடம்படுமெய் வர வேண்டிய இடத்தில் வரட்டும். இடைவெளியே இல்லாத ஒரே தொடராக அடியை எழுதிவிட்டுப் பிறகு சீர் வெட்டுங்கள். எங்கே வெட்டுவது என்பதற்கு, பாட்டில் ஐயமில்லாத ஓர் அடியைக் கண்டுபிடிப்பதே நல்ல வழி. மேலே உள்ள பாட்டில் இரண்டாம் அடியின் ‘நீக்கலும் நீங்கலா’ என்ற இரண்டு கூவிளங்களும் தாமாகவே தெரிகின்றன. அதை அளவுகோலாக வைத்து மற்ற அடிகளைப் பின்னாலிருந்து முன்னோக்கி வெட்டினால் விரைவில் வாய்பாடு பிடிபடும்.

காரிகை வழி

மரபுப் பாட்டை ஆராய ஒரே ஒரு வழியைத்தான் கற்க முடியும் என்றால் இதைத்தான் கற்க வேண்டும். அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகை உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என்று மூன்று இயல்களால் ஆனது. பலரும் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நடைமுறையில் கைகொடுப்பது ஒழிபியல். எங்கே எந்த எழுத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற விலக்குகள் அங்கேதான் இருக்கின்றன.

அசை பிரிப்பில் விதி எளியது. இடமிருந்து வலமாகப் போங்கள். குறிலை அடுத்துக் குறிலோ நெடிலோ வந்தால் இரண்டையும் சேர்த்து நிரை. நெடில் தனித்து நேர். குறிலை ஒற்று அடுத்தால் அதோடு நின்று நேர். ஒற்று எத்தனை வந்தாலும் முந்திய அசையோடு ஒட்டிக்கொள்ளும்: வாழ்ந்-தான், தேமா. தொடங்குவோர் அடிக்கடி செய்யும் தவறு, சீரின் தொடக்கத்தில் தனிக்குறிலை நேராகக் கொள்வது. ‘கசடற’ என்பதைக் க-சட-ற என்று பிரிக்கக் கூடாது. கச-டற என்பதே முறை. விட்டிசைக்கும் (நிறுத்தி ஒலிக்கும்) இடங்களைத் தவிர்த்துத் தனிக்குறில் சீரின் முதலில் நேரசை ஆகாது.

ஒரு குறளை அலகிட்டுப் பார்ப்போம்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம். தேமா, புளிமா, மலர் (ஈற்றில் தனித்து நிற்கும் நிரை). மாவின் முன் நிரை, விளத்தின் முன் நேர் என்று ஒவ்வோர் இடமும் இயற்சீர் வெண்டளை. வெண்பாவில் தளை அடியின் எல்லையைத் தாண்டியும் செல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது: ‘கற்றபின்’ என்ற கூவிளத்தை அடுத்து ‘நிற்க’ நேரில் தொடங்குவதும் சோதிக்க வேண்டிய இடமே. மாணவர்கள் விட்டுவிடும் இடமும் அதுதான்.

சிக்கல் எழும் இடங்கள் மூன்று.

முதலாவது குற்றியலிகரம் (குறுகி ஒலிக்கும் இகரம்). 66ஆம் குறளைப் பழைய முறையில் ‘குழலினி தியாழினி தென்பதம் மக்கள்’ என்று சீர் பிரித்து அச்சிடுவார்கள். ‘தியாழினி’ என்பதைத் தியா-ழினி என்று எழுதியபடியே அலகிட்டால் கருவிளம். அதற்கு முந்திய ‘குழலினி’யும் கருவிளம். விளத்தின் முன் நிரை வந்துவிட்டது, ஆசிரியத்தளை, வெண்பா கெட்டது. அந்தத் ‘தி’ குற்றியலிகரம், அலகு பெறாது என்று விலக்கினால் யா-ழினி, கூவிளம், தளை சரி. இதையே ‘குழலினிது யாழினிது என்பதம் மக்கள்’ என்று எழுதினாலும் கருவிளங்காய், கூவிளங்காய், கூவிளம், தேமா என்று வெண்டளை சற்றும் தளராது (காய் முன் நேரும் வெண்டளையே). ஆக ஒரே அடி இரண்டு எழுத்துமுறையில் தேறுகிறது. ஒன்றில், அதுவும் விலக்கு தெரியாதவர் கையில் மட்டும், தவறுகிறது. தளை தட்டியது என்று புலவர் மேல் பழி போடுமுன் எழுத்துமுறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதே குறளின் ஈற்றைக் ‘கேளாதவர்’ என்று சேர்த்து எழுதினால் தேமாங்கனி வந்து, ஈற்றடியும் இருசீராகிவிடும். ‘கேளா தவர்’ என்று தேமா, மலராக நிற்பதே சரி.

இரண்டாவது ஐகாரக் குறுக்கம். சொல்லின் இடையிலும் கடையிலும் ஐகாரத்தைக் குறிலாகக் கொள்ளலாம். ‘அன்னையினும்’ என்ற சீரில் ஐயை நெடிலாகக் கொண்டால் அன்-னை-யினும், தேமாங்கனி. வெண்பாவில் கனிச்சீர் வராது. குறுக்கமாகக் கொண்டால் அன்-னையி-னும், கூவிளங்காய், இடர் தீர்ந்தது. ஐகாரம் நிரையின் இரண்டாம் எழுத்தாக நிற்கும்போதும் ஒற்றோடு நிற்கும்போதும் எப்படிக் கொண்டாலும் அசை மாறாது. அது நிரையின் முதலெழுத்தாக வாய்க்கும் இடத்தில் மட்டும் நிதானிக்க வேண்டும்.

மூன்றாவது அளபெடை (நெடிலை நீட்ட அதன் இனக்குறிலைச் சேர்த்து எழுதுவது). ‘ஓஒதல் வேண்டும்’ என்று தொடங்கும் குறளில் ஓ-ஒதல் கூவிளம். அடுத்து ‘வேண்’ நேர். அளபெடையை நீக்கி ‘ஓதல்’ என்று போட்டால் தேமா முன் நேர், தளை உடைந்துவிடும். ஆனால் ‘கெடுப்பதூஉம் கெட்டார்க்குச்’ என்பதில் அளபெடையோடு கருவிளங்காய், நீக்கினால் (கெடுப்பதும்) கருவிளம். இரண்டுக்கும் பின்னால் நேர் வந்தால் வெண்டளையே. அங்கே அளபெடை இசைக்காக வந்தது. அளபெடையை எடுத்துவிட்டு அலகிட்டுப் பார்ப்பது அது செய்யுளிசையா (தளைக்காக வந்ததா) இன்னிசையா (இனிமைக்காக வந்ததா) என்பதைக் காட்டும் நேரடிச் சோதனை. இலக்கணப் பெயரை மனப்பாடம் செய்வதைவிட இது மேல்.

இந்த வழியின் குறை, ஓசையின் நுட்பத்தை அது அறியாது என்பது. அதற்கு எல்லா நேரும் ஒரே நேர். குறிலொற்றும் நெடிலும் அதன் கண்ணுக்கு ஒன்றே. பாட்டில் வல்லின ஒற்று இடிக்கிறதா மெல்லின ஒற்று வருடுகிறதா என்று கேட்டால் பதில் இல்லை.

எழுத்தெண்ணல்

இது எல்லாப் பாவுக்கும் உதவாது. உதவும் இடத்தில் இதைப் போல் விரைவான சோதனை வேறில்லை. கட்டளைக் கலித்துறைக்கு அடிக்கு ஐந்து சீர், அடிக்குள் வெண்டளை, ஐந்தாம் சீர் விளங்காய். ஒற்று நீக்கி எண்ணினால் நேரில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையில் தொடங்கும் அடிக்கு 17. அபிராமி அந்தாதியின் முதலடியை எடுத்துக்கொள்வோம்:

உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்

4, 3, 2, 3, 5: கூட்டினால் 17. ‘உதிக்’ நிரை, கணக்கு பொருந்துகிறது. இதையே ‘உணர்வு உடையோர்’ என்று பிரித்து எழுதினால் 18 வரும். ஓர் எழுத்து மிகுந்ததுமே எங்கோ சந்தி விட்டுப்போயிற்று என்று தெரிந்துவிடும்.

கட்டளைக் கலித்துறைக்கு வெளியிலும் இந்த எண்ணிக்கை பயன்படும். மேலே கண்ட கம்பர் பாட்டில் ஒவ்வோர் அடியும் ஒற்று நீங்க 12 எழுத்து. மூன்றாம் அடியை ‘அலகு இலா விளையாட்டு உடையார் அவர்’ என்று எழுதி எண்ணினால் 14. அசை பிரிக்கத் தொடங்கும் முன்பே பாடம் கெட்டிருப்பது தெரிகிறது.

ஆனால் இந்தச் சோதனை ஒற்றைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதே அதன் ஓட்டை. ‘செங்கதிர்’ என்பதில் ஒற்று விழுந்து ‘செகதிர்’ என்று தட்டச்சாகிவிட்டால் எழுத்து மூன்றுதான், எண்ணிக்கை 17 அப்படியே நிற்கும். அசை பிரித்தால் செக-திர், புளிமா; முந்திய ‘உதிக்கின்ற’ புளிமாங்காய்; காய் முன் நிரை வந்து கலித்தளை ஆகி அகப்பட்டுக்கொள்ளும். மெய்ப்புப் பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்வதே நல்லது. உயிர்மெய் விட்டுப்போனால் எழுத்தெண்ணிக்கை பிடிக்கும். ஒற்று விட்டுப்போனால் தளை பிடிக்கும்.

இன்னொன்று: கட்டளைக் கலித்துறையில் வெண்டளை அடிக்குள் மட்டுமே. முதலடி ‘உணர்வுடையோர்’ என்ற காயில் முடிந்து அடுத்த அடி ‘மதிக்கின்ற’ என்று நிரையில் தொடங்குவது பிழை ஆகாது. வெண்பாப் பழக்கத்தில் இங்கே தளை தட்டுகிறது என்று எழுதிவிடுவோர் உண்டு.

சந்தக் குழிப்பு

வண்ணப் பாட்டுக்கும் சந்த விருத்தத்துக்கும் இதுவே வழி. திருப்புகழின் ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’ என்பதற்குக் குழிப்பு ‘தத்தத்தன தத்தத் தனதன’. அடுத்து வரும் ‘அத்திக்கிறை சத்திச் சரவண’ என்பதும் எழுத்துக்கு எழுத்து அதே குழிப்பில் விழுகிறது. காரிகை வழியில் இது தேமாங்கனி, தேமா, கருவிளம். உண்மைதான், ஆனால் பாட்டின் உயிர் அதில் அகப்படவில்லை.

‘பத்தித்’ இருக்கும் இடத்தில் ‘பந்தித்’ என்றோ ‘பாதித்’ என்றோ வைத்துப் பாருங்கள். மூன்றும் தேமா. மாத்திரைக் கணக்கில் குறில் ஒன்று, நெடிலும் ஒற்றடுத்த குறிலும் இரண்டு என்று கொள்ளும் சந்த விருத்தத்துக்கும் மூன்றும் சமம். வண்ணத்துக்கோ மூன்றும் வேறு: தத்தத், தந்தத், தானத். வல்லொற்று நிற்க வேண்டிய இடத்தில் மெல்லொற்று வந்தால் வண்ணம் குலைந்தது. ஆகவே இந்த வழிக்குள்ளேயே இரண்டு நுட்ப அளவுகள் உள்ளன. முதலில் குறில், நெடில் ஒழுங்கு மட்டும் அடிதோறும் ஒத்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சந்தம். ஒற்றின் இனமும் ஒத்து வந்தால் வண்ணம்.

செய்முறை: ஓர் அடியை எடுத்து, குறிலுக்குத் ‘த’ அல்லது ‘ன’, நெடிலுக்குத் ‘தா’ அல்லது ‘னா’, வல்லொற்றுக்குத் ‘த்’, மெல்லொற்றுக்கு ‘ந்’, இடையொற்றுக்கு ‘ய்’ என்று எழுதிக்கொண்டே போங்கள். அதன் அடியிலேயே அடுத்த அடியின் குழிப்பை நேர்கீழாக எழுதுங்கள். மாறும் இடங்கள் கண்ணில் படும். ‘முத்தைத்தரு’ என்பதில் ‘தைத்’ குறிலாகவே ஒலிக்கிறது என்பதைக் குழிப்பே சொல்கிறது. ஐகாரக் குறுக்கத்தைப் பற்றிய ஐயம் இங்கே தானாகத் தீரும்.

வெண்பாவுக்கும் அகவலுக்கும் குழிப்பு எழுதுவது பயனற்ற உழைப்பு. அவற்றில் குழிப்பு அடிக்கு அடி மாறிக்கொண்டே போகும். அது அவற்றின் இயல்பு.

சிந்து, கும்மி போன்ற இசைப்பாக்களில் தாளத்தோடு பாடிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. சில வகைகளில் எழுத்து குறைந்த இடத்தை இசை நீட்டி நிரப்பும். தாளில் அது குறையாகத் தெரியும். ஆனால் கும்மியில் காரிகை வழியும் நன்றாக ஓடும். பாரதியின் ‘கும்மி யடிதமிழ் நாடு முழுதுங் குலுங்கிடக் கைகொட்டிக் கும்மியடி’ என்பதைச் சீர் வெட்டினால் தேமா, கருவிளம், தேமா, புளிமா, கருவிளம், தேமாங்காய், கூவிளங்காய்: ஏழு சீர், முழுக்க வெண்டளை. சொற்பொருளைப் பார்த்துக் ‘கும்மியடி’ என்று முதற்சீரை வெட்டினால் காய் முன் நிரை வந்து முதல் இடத்திலேயே கெடும்.

சங்கப் பாட்டு

தொல்காப்பியத்தில் நேர், நிரை தவிர நேர்பு, நிரைபு என்றும் அசைகள் உண்டு. ‘வண்டு’ காரிகை வழியில் தேமா. தொல்காப்பிய வழியில் நேர்பு என்ற ஓரசை. ‘வரகு’ அங்கே நிரைபு. வெண்பாவின் ஈற்றில் நாம் காசு, பிறப்பு என்று சொல்வதில் இந்தப் பழைய அசைகள் இன்னும் வாழ்கின்றன.

சங்கப் பாட்டின் அமைப்பை மட்டும் அறிய வேண்டுமானால் இந்த வேறுபாட்டில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. அடிக்கு எத்தனை சீர் என்று எண்ணினாலே போதும். குறுந்தொகை 40ஆம் பாட்டு ஐந்தடி. ‘செம்புலப் பெயனீர் போல’ என்ற நான்காம் அடி முச்சீர், மற்றவை நாற்சீர். ஈற்றயலடி ஒரு சீர் குறைந்து வந்ததால் நேரிசை ஆசிரியப்பா, வேலை முடிந்தது. எல்லா அடியும் நாற்சீராக இருந்தால் நிலைமண்டிலம், இடையில் அடிகள் குறைந்து வந்தால் இணைக்குறள். அகவலில் தளை கலந்து வரலாம் என்பதால், ஒவ்வொரு தளைக்கும் பெயர் எழுதுவது இங்கே இரண்டாம் வேலைதான். தொல்காப்பிய அசையை எடுத்துக்கொள்ள வேண்டியவர், சீர் வகைகளின் வரலாற்றை ஆராய்பவரும் பழைய உரைகளைப் படிப்பவரும்.

மென்பொருள்

‘அவலோகிதம்’ போன்ற யாப்பு மென்பொருள்கள் எழுத்து, அசை, சீர், தளை, தொடை எல்லாவற்றையும் ஒரு நொடியில் தந்துவிடும். பயன் பெரிது. ஆனால் இத்தகைய கருவிகள் நாம் விட்ட இடைவெளியைத்தான் சீர் எல்லையாகக் கொள்கின்றன. சந்தி பிரித்த பாட்டை ஒட்டினால், மேலே கண்ட கம்பர் பாட்டுக்கு நேர்ந்ததே நேரும். கருவி பிழை செய்யவில்லை. நாம் கொடுத்ததை அலகிட்டுக் கொடுத்தது.

ஒட்டுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை சில. வருடி எடுத்து எழுத்துணரியால் மாற்றிய பாடங்களில் துணைக்காலும் ‘ர’வும் இடம் மாறிக் கிடக்கும், அது ஒரு நெடிலை இரண்டு குறிலாக்கிவிடும். ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக இருக்கும். அளபெடையின் இன எழுத்து காணாமல் போயிருக்கும். பாட்டின் எண்ணும் உரையின் குறியும் அடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தாமே நிரல் எழுதி எண்ணிப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஒருங்குறியில் எழுத்தும் குறியீடும் ஒன்றல்ல. ‘எழுத்தெல்லாம்’ என்பதில் நமக்கு 7 எழுத்து. கணினிக்கு 13 குறியீடு. உயிர்க்குறியையும் புள்ளியையும் முந்திய மெய்யோடு சேர்த்து ஓரெழுத்தாகக் கட்டிய பிறகே அசை விதிகளை எழுத வேண்டும். இந்த முதற்படியைத் தவறவிட்டால் பின்னால் எத்தனை விதி எழுதியும் விடை சரியாக வராது.

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வேறு வகை. அவை இலக்கண விளக்கத்தைச் சரளமாகச் சொல்லும். அலகிடும்போது அதே சரளத்தோடு தவறும். எந்தக் கருவியையும் நம்புமுன் ஒரு சிறு சோதனை வையுங்கள். மேலே உள்ள குறளில் ‘நிற்க’ என்பதை ‘நிலைக்க’ என்று மாற்றிக் கொடுங்கள். ‘கற்றபின்’ கூவிளம், ‘நிலைக்க’ புளிமா; விளத்தின் முன் நிரை வந்து அடியெல்லையில் தளை உடைகிறது. புகழ்பெற்ற குறள் என்பதால் பார்த்ததும் ‘வெண்டளை பிழையின்றி வந்துள்ளது’ என்று சொல்லிவிடும் கருவி, உங்கள் பாட்டைப் பற்றிச் சொல்வதையும் ஏற்க முடியாது.

தொடை பார்க்கும்போது

எதுகை, மோனை அடையாளம் காண்பது எளிது என்று நினைத்துச் சொற்களின் முதலெழுத்தைப் பார்த்தே எழுதிவிடுகிறோம். தொடையைச் சீரின் தொடக்கத்தில் பார்க்க வேண்டும். அதே கம்பர் பாட்டில் சொல் பிரித்த வடிவைப் பார்த்தால் முதலடியில் உலகம், உள. மூன்றாம் அடியில் அலகு, அவர். நான்காம் அடியில் தலைவர், சரண் (தகரமும் சகரமும் மோனைக்கு இனம்) என்று மோனை அடுக்கடுக்காகத் தெரியும். சீர் பிரித்தால் ‘தாமுள’, ‘யாரவர்’, ‘கேசரண்’ என்று அவை சீருக்குள் புதைந்துவிடுகின்றன. ஐயமின்றி நிற்பது இரண்டாம் அடியில்: நிலைபெ, நீக்கலும், நீங்கலா என்று ஒன்று, மூன்று, நான்காம் சீர்களில் வருவதால் மேற்கதுவாய் மோனை. மூன்றாம் அடியின் ‘யாட்டுடை யாரவர்’ கடையிணை (கடைசி இரு சீரில் வரும் மோனை). சொல் பிரித்தவருக்கு இந்தக் கடையிணை கண்ணிலேயே படாது. சீருக்குள் புதைந்த உள, அவர், சரண் ஆகியவற்றின் எதிரொலியைக் காது கேட்கத்தான் செய்கிறது. அதை ஓசை நயமாகக் குறிக்கலாம், சீர்மோனையின் பெயரால் குறிக்கக் கூடாது.

எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றுவதோடு முதலெழுத்தின் அளவும் ஒன்ற வேண்டும். உலகம், நிலைபெ, அலகி, தலைவர்: நான்கிலும் முதலெழுத்து குறில். இரண்டாம் எழுத்து ல, லை என்று மாறி வருவதால் இது வருக்க எதுகை. ‘பாடம்’ என்பதற்கு ‘படம்’ எதுகை ஆகாது.

யாருக்கு எது

தேர்வுக்கோ வகுப்புக்கோ குறளையும் வெண்பாவையும் அலகிடும் மாணவர் காரிகை வழியைக் கையால் செய்யட்டும். மென்பொருளை விடை சரிபார்க்க மட்டும் திறக்கட்டும். கையால் செய்யாமல் குற்றியலிகரமும் ஐகாரக் குறுக்கமும் மனத்தில் பதியா.

பழம்பாடல்களை மெய்ப்புப் பார்ப்பவர், மின்னூல் ஆக்குபவர் மென்பொருளில் தொடங்கலாம். அது பிழை என்று காட்டும் இடங்களை மட்டும் கையால் அலகிட்டு, சந்தியா, தட்டச்சா, உண்மையான பாடவேறுபாடா என்று பிரித்தறிய வேண்டும். கட்டளைக் கலித்துறை நூல்களுக்கு எழுத்தெண்ணிக்கை கட்டாயம்.

விருத்தம் எழுதப் பழகுபவருக்குத் தளை வேண்டாம். ஓர் அடியின் வாய்பாட்டை முடிவு செய்து (அறுசீருக்கு மா மா காய் மா மா காய் என்பது கைவரும் வடிவம்) மற்ற மூன்று அடிகளையும் அதோடு ஒத்துப் பார்க்கட்டும். மாச்சீரில் தேமாவும் புளிமாவும் தம்முள் மாறலாம். மாவுக்கு விளம் வந்தால் காதில் இடறும். வண்ணம் எழுத விரும்புபவர் முதலடியின் குழிப்பைத் தாளின் மேலே எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தையும் அதன்கீழ் வைத்தே எழுத வேண்டும். வேறு வழி எதுவும் அங்கே உதவாது.

புதுக்கவிதைக்கு இந்த நான்கில் எதுவும் வேண்டாம். அங்கே வரி எங்கே முறிகிறது, எந்தச் சொல் திரும்ப வருகிறது, இயைபு எங்கே வந்து எங்கே வேண்டுமென்றே கைவிடப்படுகிறது என்பவற்றைப் பாருங்கள். அகவலின் சாயல் தென்படும் பகுதிகள் மட்டும் விலக்கு. அவற்றைச் சீர் பிரித்து, அடிக்கு நான்கு சீர் எத்தனை வரிகளுக்குத் தொடர்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.